பதினேழாவது கண்

மேட்டூர் அணையில் உபரி நீரை வெளியேற்ற 16 கண் மதகு வேண்டும். நீர்மட்டம் 120 அடிக்கு ஏறவும் வேண்டும். பெரிய நிறுவனங்களில் உபரி ஆட்களை வெளியேற்ற மேலாளரின் ஒரு கண் போதும்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்துக்கு இந்த நுட்பம் பிடிபடவில்லை. ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவரே பொதுவாக முதலில் போக வேண்டும் என்று 25ஜி பிரிவில் எழுதிவைத்தது. காலண்டர் பார்க்கத் தெரிந்த குமாஸ்தாவே பட்டியலை முடித்துவிடுவார். அப்புறம் மேலாளர் எதற்கு?

நல்லவேளையாக 'பெல் கர்வ்' மதிப்பீட்டு முறை வந்தது. பத்துப் பேரும் மாடாய் உழைத்தாலும் ஒருவர் சுமாராக உழைத்தே தீர வேண்டும். ஆடிப்பெருக்குக்கு அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடா வெட்ட லீவு கேட்டவர் அந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துவார். அவரை ப்ராஜெக்டிலிருந்து கழற்றி 'பெஞ்ச்'சில் உட்காரவைத்தால் போதும். மீதியை நாட்கள் பார்த்துக்கொள்ளும். டிசிஎஸ் 2025 ஜூனில் பெஞ்சுக்கு ஆண்டுக்கு 35 நாள் என வரம்பு வைத்தது. காத்திருக்கும் துயரமாவது குறைந்தது.

அடுத்த மாதமே அந்நிறுவனம் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலைப் பதவிகளில். பட்டியல் எழுதுகிறவர்கள் உட்காரும் நாற்காலிகள் அவை.