கந்தகப் புகையும் கடல்நீரும்

கேள்வி: சம்பூரில் அனல்மின் நிலையம் எழுந்திருந்தால், அதன் கந்தகப் புகையைக் கடல்நீரால் கழுவியிருக்க முடியுமா?
– வாசகர், குச்சவெளி

பதில்: முடியும். நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாவதும், மூச்சுக்குழாயை உறுத்தி அமில மழைக்கு வித்திடுவதுமான கந்தகவீரொட்சைட்டு வாயுவை, கடல்நீரில் இயல்பாகவே உள்ள காரத்தன்மை கரைத்து நடுநிலையாக்க, அந்நீருக்குக் காற்றூட்டும்போது அது கடலில் ஏற்கெனவே நிறைந்துள்ள சல்பேற்றாக மாறிவிடுகிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் கையாள்வதும் இம்முறையையே. ஆயினும் கழுவிய நீர் மீண்டும் கடலையே சேருமாதலால், கொட்டியாரக் குடாவை நம்பி வாழும் மீனவரின் கவலை புறந்தள்ளத்தக்கதன்று. 500 மெகாவாட் சம்பூர் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, அங்கேயே 120 மெகாவாட் சூரிய மின் நிலையப் பணி 2025இல் தொடங்கி வைக்கப்பட்டது. புகையைக் கழுவுவது நன்று. கழுவுவதற்குப் புகையே இல்லாதிருப்பது அதனினும் நன்று.