வந்துருச்சா... போயிருச்சு!

கேள்வி: பெரம்பூரிலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறினோம். டிஷ் கோணத்தை மாற்ற வேண்டுமா?
(வாசகி, தாம்பரம்)

வானத்தைப் பொறுத்தவரை நீங்கள் வீடே மாறவில்லை. செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பெரம்பூரும் தாம்பரமும் ஒரே புள்ளி. மாறியது கம்பம் மட்டும்தான். டிஷ்ஷின் முதுகில் கிளாம்ப் பக்கம் கோண எண்கள் பொறித்திருக்கும். கழற்றும் முன் அதை ஒரு போட்டோ எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். பால் பொங்கியதை மட்டும் நாற்பது போட்டோ எடுத்தீர்களாக்கும்!

கேள்வி: நாங்கள் சென்னையிலிருந்து கோவைக்கு மாறிவிட்டோம். எங்களுக்கு?
(வாசகர், கோவை)

உங்களுக்கு வேலை உண்டு. டிடி ஃப்ரீ டிஷ், சன் டைரக்ட் இரண்டும் வருவது ஜிசாட்-15 வழியாக. அது 93.5 டிகிரி கிழக்கில், பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய சரியான தென்கிழக்கு. கோவையிலிருந்து பார்க்க, இன்னும் பதினோரு டிகிரி கிழக்கே திருப்ப வேண்டும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யையும், அது ஏற்கெனவே சாய்ந்திருக்கும் பக்கமே, அதே அளவு முறுக்க வேண்டும். ஆனால் மேல்நோக்கிய கோணம் 68-லிருந்து 67 ஆகிறது, அவ்வளவுதான். அந்த நட்டை விட்டுவிடுங்கள். எல்லா நட்டையும் ஒரே நேரத்தில் லூஸ் பண்ணுகிறவர் வீட்டில் அன்றைக்கு சீரியல் கிடையாது.

கேள்வி: நான் மொட்டை மாடியில், மனைவி டிவி முன்னால். "வந்துருச்சு" என்கிறார், நிறுத்துவதற்குள் "போயிருச்சு" என்கிறார். விவாகரத்து வரை போய்விடும் போலிருக்கிறது.
(வாசகர், திருச்சி)

தவறு இரண்டு பேர் மீதும் இல்லை. திரையில் அளவு மாற ஓரிரு நொடி ஆகும். அவர் "வந்துருச்சு" என்று சொன்ன நேரத்தில் உங்கள் கை சிக்னலைத் தாண்டிப் போயிருக்கும். ஒரு விரல்கடை திருப்புங்கள், ஐந்து எண்ணுங்கள், பிறகு கேளுங்கள். அவரும் 'ஸ்ட்ரெங்த்' கோட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிஷ் காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கோடு பாதி வரை நிற்கும். 'குவாலிட்டி' ஏறினால்தான் அது நம்ம செயற்கைக்கோள். ஏறியதும் ஆனந்தத்தில் நட்டை முறுக்கிவிடாதீர்கள். இடது பக்கம் எங்கே விழுகிறது, வலது பக்கம் எங்கே விழுகிறது என்று பார்த்து, நடுவில் நிறுத்துங்கள். முறுக்கும்போதும் இந்த நட்டு கொஞ்சம், அந்த நட்டு கொஞ்சம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கி, கம்பம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பத் திருப்ப மேல்கோணமும் கூடவே மாறும். பொறித்த எண்ணுக்கு அப்புறம் அர்த்தமே கிடையாது. நான் ஒரு முறை வெயிலில் இரண்டு மணி நேரம் டிஷ்ஷோடு மல்லுக்கட்டிய பிறகுதான் கம்பத்தைப் பார்த்தேன். பைசா கோபுரத்துக்குத் தம்பி மாதிரி நின்றது.

கேள்வி: டெக்சஸில் கிராமப் பக்கம் வீடு மாறினோம். எங்களுடையது சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ். இங்கே ஆள் கூலி ஜாஸ்தி. நானே திருப்பிக்கொள்ளலாமா?
(வாசகர், டெக்சஸ்)

வேண்டாம். டிவி டிஷ் கேட்க மட்டும் செய்யும். உங்கள் டிஷ் பேசவும் செய்யும். கேட்பவர் தப்பாகக் கேட்டால் நஷ்டம் அவருக்கு மட்டும். பேசுபவர் தப்பான பக்கம் பேசினால் பக்கத்துச் செயற்கைக்கோளின் காதில் இரைச்சல். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு டிகிரி பிசகு என்றால் 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். கம்பெனி ஆள் மீட்டரோடு வந்து வைக்கட்டும்.

எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் ஒன்று தீராது. உங்கள் கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே மாதிரி மேலே போய்க் கீழே வர அரை விநாடி ஆகும். வீடியோ காலில் நீங்களும் மாமியாரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" என்பது அதனால்தான்.

கேள்வி: வவுனியாவில இருந்து மன்னாருக்கு வந்திட்டம். ஸ்டார்லிங்க் தட்டை எந்தப் பக்கம் திருப்புறது?
(வாசகர், மன்னார்)

உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒன்று சில நிமிடத்தில் கடந்து போக, அடுத்தது வரும். தட்டு அசையாமலே தன் பார்வையை மின்னணு முறையில் திருப்பிக்கொள்ளும். கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டியிருந்தால் செயலியே சொல்லும். அந்தச் செயலியில் புது முகவரியை மாற்றிவிட்டீர்களா? தட்டுக்கு வேண்டியது திசை அல்ல, விரிந்த வானம். நடுவில் பனை நின்றால், செயற்கைக்கோள் அதன் பின்னால் போகும் போதெல்லாம் இணைப்பு சில நொடி அறுபடும். பனையை விட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வையுங்கோ.

கேள்வி: புது வீட்டு மாடியில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் தொட்டி மறைக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, சென்னை)

சூரியனைக் கேளுங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், காலை பதினோரு மணியை ஒட்டி, சூரியன் ஜிசாட்-15க்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரம் டிஷ் வைக்கும் இடத்தில் தொட்டியின் நிழல் விழுந்தால் இடம் சரியில்லை. அதே சில நிமிடம் படம் உடைவதும் சூரியனின் கைங்கரியம்தான். மெக்கானிக்குக்கு போன் போடாதீர்கள்.

கேள்வி: வீடே மாறாமல் டிஷ்ஷைத் திருப்ப வேண்டி வருமா?
(வாசகர், மதுரை)

வந்திருக்கிறது. 2010 ஜூலையில், சன் டைரக்ட் அப்போது இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு. பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைத்துவிட்டார்கள். சன் டைரக்ட் 91.5 டிகிரியில் இருந்த மலேசிய மீசாட்-3க்குக் குடிபோனது. குடி போனவர் மேலே, ஸ்பேனரோடு ஏணி ஏறியவர்கள் கீழே.

கேள்வி: ஹவுஸ் ஓனர் மொட்டை மாடிச் சாவி தர மறுக்கிறார். பால்கனியில் வைக்கலாமா?
(வாசகர், சென்னை)

தென்கிழக்கு பார்த்த பால்கனி என்றால் வைக்கலாம். ஆனால் மேல்நோக்கிய கோணம் 68 டிகிரி என்பது ஏறக்குறைய தலைக்கு மேல். டிஷ்ஷுக்கு எட்டடி மேலே அடுத்த மாடித் தளம் இருந்தால், அதன் விளிம்பிலிருந்து மூன்றடிக்கு மேல் டிஷ் உள்ளே போகக் கூடாது. அதுவும் முடியாதென்றால், ஓனர் வீட்டிலும் அதே கம்பெனி பாக்ஸ்தானா என்று விசாரியுங்கள். அவர் டிஷ்ஷில் இரண்டு அவுட்புட் உள்ள எல்.என்.பி. ஒன்றை உங்கள் செலவில் மாட்டித் தருவதாகச் சொல்லுங்கள். சாவியை அவரே கொண்டுவந்து தருவார்.