ஒரு வேளைக்கு மாத்திரை

சிதம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் நான் பி.டி. சார். விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள், ஊக்கமருந்து பற்றி வகுப்பெடுக்கும் வேலை என் தலையில் விழுந்ததற்கு என் அறிவுதான் காரணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜூன் 26, போதைப்பொருள் ஒழிப்பு நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். மைக் இல்லாமல் கத்தக்கூடிய ஆள் வேண்டும் என்றார்கள். மைதானத்தில் பழுத்த தொண்டை என்னுடையது.

எங்கிருந்தோ இறக்கிய படங்களோடு போனேன். மண்டையோடு, ஊசி, கம்பிக்குப் பின்னால் தலையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர். "உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, சுருக்கமா வாடா" என்று நான் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்து "எங்க சார் வரணும்?" என்று ஒரு குரல். அதோடு கூட்டம் கைவிட்டுப் போனது. இழுத்துப் பிடிக்கிற அவசரத்தில், "சிரிக்காதீங்க, நீங்க குடிக்கிற காப்பியே தடை செஞ்ச பொருள்தான்" என்று அடித்துவிட்டேன்.

நான் படித்த காலத்தில் அது பாதி உண்மை. சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்கு மேல் கேஃபீன் இருந்தால் குற்றம் என்று விதி இருந்தது. 2004 ஜனவரியில் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ஆம் தேதி மாறும் என்பதையும், நான் மாறவில்லை என்பதையும் பிற்பாடுதான் கவனித்தேன். அதற்குள் என் பேச்சை நம்பிய ஒரே ஒரு ஜீவன், கோ-கோ ஆடும் ஒரு பெண், காப்பியை அடியோடு விட்டுவிட்டுத் தலைவலியோடு பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா வந்து விசாரித்தார். "நல்ல பழக்கம்தானேம்மா" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போது என் கையில் காப்பி டம்ளர் இருந்தது.

அடுத்த முறை நீளம் தாண்டும் பையன் ஒருவன் எழுந்தான். "சார், குருமால கசகசா அரைச்சு ஊத்துறாங்களே, அது டெஸ்ட்ல மாட்டுமா?" நான் சிரித்தேன். "டேய், சோத்து நெனப்பிலேயே இருடா" என்றேன். அரங்கமே கைதட்டியது. எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தால், அந்தக் கூட்டத்தில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். கசகசா, அபின் செடியின் விதை. விதைக்குள் போதை கிடையாது என்றாலும் காயின் பால் அதன்மேல் ஒட்டி வரும். போட்டி நாளில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் மார்ஃபின் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது ஆட்டக்காரர்தான். ஒரு கரண்டி குருமாவுக்கு அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் கேள்வி சரி. துபாய்க்குப் போகும் மகனின் பெட்டியிலிருந்து கசகசாப் பொட்டலத்தைத் தேடி எடுத்துவிடும் கடலூர் மாவட்டத்து அம்மாக்களுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

இவையெல்லாம் வாயால் செய்தவை. கையால் செய்த ஒன்றும் உண்டு. கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் ஒரு போட்டி. 400 மீட்டர் ஓட வேண்டிய பெண்ணுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் போய் ஒரு மெடிக்கலில், "சளி, தும்மல், ஒரு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்றேன். அட்டையை ஓரம் ஓரமாகக் கத்தரித்து, மூன்று மாத்திரையைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, பாதியாக வெட்டியது ஒன்று. பேர் எழுதியிருந்த பகுதி அவர்கள் கையில் இருந்த அட்டையோடு போய்விட்டது. "முழுங்கும்மா, சரியாயிடும்" என்றேன். அவளும் முழுங்கினாள். சார் கொடுத்தால் சரியாகத்தானே இருக்கும்?

இதில் வேடிக்கை, அதற்கு முந்தைய வாரம்தான் அதே பிள்ளைகளுக்கு ஆந்த்ரியா ரதுகானின் கதையைச் சொல்லியிருந்தேன். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வாங்கிய ருமேனியச் சிறுமி. வயது 16. அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தது, தங்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். "டாக்டரே இப்படிப் பொறுப்பில்லாம இருந்தா எப்படி?" என்று மேடையில் உருகியவன் நான். அந்த மருத்துவராவது தான் என்ன கொடுத்தோம் என்பது தெரிந்து கொடுத்தார்.

என் உறையில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. சூடோஎபிட்ரினாக இருக்கலாம். இளைப்புக்கும் உடம்பு தேறவும் மருந்துச் சீட்டில்லாமல் கை மாறும் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் வகையாக இருக்கலாம். போட்டி நாளில் அவற்றை வாய்வழி எடுப்பதும் தடைதான். வெறும் பாராசிட்டமாலாகவும் இருக்கலாம். மருந்தின் பெயரைத் தட்டினால் தடை உண்டா இல்லையா என்று சொல்ல, தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா ஒரு செயலியே வைத்திருக்கிறது. கத்தரித்த அட்டையில் எந்தப் பெயரைப் பார்த்துத் தட்டுவது? என் மண்டையோட்டுப் படங்களில் இப்படி ஒரு காகித உறை கிடையாது. நம் பிள்ளைகளிடம் மருந்து வந்து சேரும் வழியோ பெரும்பாலும் அதுதான். பயிற்சியாளரே வாங்கிக் கொடுத்தால் அவருக்குக் குறைந்தது 4 ஆண்டு, கூடினால் ஆயுள் தடை என்று விதி சொல்கிறது. அந்தப் பக்கத்தை நான் நிதானமாகவே படித்தேன்.

அன்று சோதனைக்கு யாரும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நாள் கழித்து, 2023 செப்டம்பரில், டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா ஆட்கள் வந்ததும் நடந்ததைப் படித்தேன். ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டிக்கு ஒரே ஒருவர் வந்து நின்றார், மற்றவர்களைக் காணோம். ஒரு பெண் எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள், பின்னால் அதிகாரி. பத்திரிகையைப் பார்த்து நானும்தான் சிரித்தேன். ஆனால் கடலூரில் எனக்கு வந்த அப்பாடாவுக்கும் அவர்கள் ஓட்டத்துக்கும் எத்தனை மீட்டர் தூரம் என்று யோசித்ததில் சிரிப்பு நின்றுபோனது. அந்த ஆண்டு இந்தியாவில் எடுத்த 5606 மாதிரிகளில் 213 மாட்டின. 5000-க்கு மேல் சோதித்த நாடுகளில் விகிதப்படி நாம்தான் முதலிடம். தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு: 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்ப இருந்த திருச்சி ஓட்டக்காரர் தனலட்சுமி, கிளம்பும் முன்பே ஸ்டீராய்டில் சிக்கி மூன்று ஆண்டுத் தடை வாங்கினார்.

இந்தக் கணக்கையெல்லாம் கபடிப் பையன்களிடம் ஒப்பித்தேன். புவனகிரி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் கோயில் திருவிழாவுக்குத் திருவிழா ராத்திரி மின்விளக்கில் ஆடி, பரிசுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்பவர்கள். "எங்க மேட்சுக்கு நாடா வருமா சார்?" என்றான் ஒருவன். வராது. "அப்புறம்?" மாட்டிக்கொள்வாய் என்பதைத் தவிர வேறு எதையும் நான் தயார் செய்துகொண்டு போகவில்லை. முட்டி வலிக்கு டிரமடால் போட்டுக்கொண்டு ஆடினால் வலிதான் தெரியாது, முட்டி தேய்வது நிற்காது. 2024-இலிருந்து போட்டி நாளில் அதற்குத் தடை. ஜிம்மில் 'ஜோர்' ஏறப் போட்டுக்கொள்ளும் மெஃபென்டெர்மின் ஊசி, அறுவை அரங்கில் இறங்கிப்போன ரத்த அழுத்தத்தை ஏற்றப் பயன்படுவது; ஓடுகிற இதயத்தை மேலும் விரட்டும். இதையெல்லாம் அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "வந்தாலும் வரும்டா." அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போனார்கள்.

இப்போது படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பையில் இருக்கும் மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பேர் பார்ப்போம் என்கிறேன். மெடிக்கலில் அட்டையை முழுசாகக் கேளுங்கள், பில் கேளுங்கள் என்கிறேன். கடைக்காரர்களுக்கு என்மேல் கொஞ்சம் கோபம். கூட்டம் முன்பைவிடத் தேவலை. போன தடவை கூல் லிப் புகையிலைப் பொட்டலம் ஒன்றும் மேசைக்கு வந்தது. யாருடையது என்று கேட்கவில்லை. எனக்கே வியப்பான முதிர்ச்சி. நிகோட்டின் தடைப் பட்டியலில் இல்லை, 2012-இலிருந்து கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது, அதற்காக நல்லது என்று அர்த்தமில்லை என்று பாயிண்ட் பாயிண்டாக விளக்கினேன்.

முன் வரிசையில் கோ-கோ பெண். இப்போது இறுதியாண்டு. "அப்ப உங்களையும் கண்காணிக்கணுமா சார்?"

என் வெற்றிலை சீவலோடு ஒரு சிட்டிகை பன்னீர்ப் புகையிலையும் சேரும் என்பது ஆசிரியர் அறைக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்போது காலைப் பயிற்சிக்கு நான் போய் நின்றதும் அணித்தலைவி வந்து, "சார், வாயைத் திறங்க" என்கிறாள். முன்னறிவிப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுப்பு கேட்டிருக்கிறேன், பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.