மொட்டைமாடி விதைப்பில் கால நிர்ணயம்: ஒரு முன்னாய்வு

பையிலும் தொட்டியிலும் காய்கறி வளர்க்கப் புகுவோர் விதை போட வேண்டிய காலம் எது? இவ்வினாவில் சென்னை மொட்டைமாடி அறிஞர்கள் இரண்டு அணி. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதோடு ஆய்வை முடித்துக்கொள்வது ஆடி அணி. குழாயில் தண்ணீர் வரும் வீட்டுக்குப் பட்டம் எதற்கு என்று கேட்பது குழாய் அணி.

குழாய் அணியின் வாதம் எளிது. பட்டம் என்பது வானம் பார்த்து விதைக்கும் உழவருக்கு. வாளியும் குவளையும் உள்ளவருக்கு அல்ல. தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் செடி தண்ணீரை மட்டும் பார்ப்பதில்லை. பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். நாட்டு அவரையோ பகல் குறுகும்வரை பூக்க மறுக்கும். சித்திரையில் விதைத்தவர் பனிக்காலம்வரை இலையைத் தரிசித்துக்கொண்டிருக்கலாம். இவற்றுக்கு எந்தக் குழாயிலும் பரிகாரம் வருவதில்லை.

ஆடி அணிக்கு அவரை, கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் சாட்சி சொல்லும். தக்காளியில்தான் இடறல். ஆடி நடுவில் குழித்தட்டில் விதைத்தால் 25 முதல் 30 நாளில் நாற்றைப் பைக்கு மாற்ற வேண்டும், அது ஆவணி. அங்கிருந்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பழம், அது ஐப்பசி. சென்னையில் ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழை, அதாவது பழத்துக்குப் பதில் அழுகல். பழமொழி சொன்னவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது; அவர் அதைக் கண்ணால் கண்டிருப்பாரா என்பதே ஐயம். கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டுத் தையில் மாற்றினால் பங்குனியில், அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே, ரசத்துக்கு வழி பிறக்கும்.

இரு அணியும் கவனிக்கத் தவறிய மூன்றாவது பட்டம் ஒன்று உண்டு. அதை 'ஆர்வப் பட்டம்' என்க. விதைப் பாக்கெட் வீடு வந்து சேரும் நாளே அதன் தொடக்கம். பெரும்பாலும் மே மாத விடுமுறையில், கத்திரி வெயில் உச்சத்தில் இது வரும். பைகளும் தென்னை நார்க்கழிவும் வந்திருக்காது. ஆனாலும் எல்லா விதையும் அன்று மாலையே தயிர் டப்பாக்களில் இறங்கிவிடும். இருந்த இடத்திலேயே வளர வேண்டிய வெண்டையும் முள்ளங்கியும்கூட நாற்றாக்கப்பட்டு, பிடுங்கி நடப்படும். கால் பிளந்த முள்ளங்கி இவ்வாறு பிறப்பதே. மிளகாய் முளைக்க ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். ஆர்வலரோ மூன்றாம் நாளே தோண்டிப் பார்ப்பார். தோண்டிய விதை முளைப்பதில்லை. ஆகவே விதை போலி என்ற முடிவு எட்டப்படுகிறது.

ஆர்வப் பட்டத்தைத் தடுக்க இயலாது, திசை திருப்பலாம். அதற்கென்றே அமைந்தது கீரை. மூன்று நான்கு நாளில் முளைக்கும், 25 நாளில் பறிக்கலாம், கொட்டும் மழை தவிர எம்மாதமும் கேளாது. தோண்டுவதற்குள் தலைகாட்டிவிடுவது அதன் தனிச்சிறப்பு.

எஞ்சுவது ஒரே புதிர். மாடி வடிகுழாய் ஓரத்து விரிசலில், யாரும் போடாத விதையிலிருந்து, நாற்று நடாமல், நாள் பார்க்காமல் ஒரு தக்காளி முளைத்துக் காய்த்துத் தள்ளுகிறது. இரு அணிகளும் அதைத் தத்தம் கொள்கைக்குச் சான்றாகக் கோரியுள்ளன. பழத்தை அணில் தின்கிறது.