கடலைக்குள்ளே மாடு

அன்புள்ள அம்மாவுக்கு,

"நெய் ஒத்துக்காதாம், அமெரிக்கா போனதும் தொரை ஆயிட்டானா?"ன்னு பெரியம்மாகிட்டக் கேட்டியாமே. தொரை இல்லம்மா, உண்ணி.

இங்க வட கரோலினாவுல வீட்டுக்குப் பின்னால காடு. நடக்கப் போன எடத்துல கடிச்சிருக்கு. அந்த உண்ணி முதுகுல ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. 'லோன் ஸ்டார்'னு சினிமாப் பேரு. காங்கயம் மாட்டுக்கு எத்தனை உண்ணி புடுங்கியிருப்பேன், ஒண்ணும் ஆனதில்ல. இது கடிச்சா ஆல்ஃபா-கால்ங்கிற ஒரு சர்க்கரைக்கு உடம்பு பகையாளி ஆயிருமாம். அது ஆடு, மாடு, பன்னி எல்லாத்துலயும் இருக்கு. பாலும் நெய்யும் சில பேருக்குத்தான் ஆகாதாம். அந்தச் சில பேருல நானும் சேர்ந்தது என் யோகம். கோழி, மீன், முட்டை தாராளமாத் திங்கலாம்.

கறி தின்ன உடனே ஒண்ணும் தெரியாது. 2 மணியிலருந்து 6 மணி நேரம் கழிச்சு, நடுச்சாமத்துல உடம்பெல்லாம் தடிப்பு. அதனால மொதல்ல நான் சந்தேகப்பட்டது அண்ணன் அனுப்புன பனியனை. எட்டுத் தண்ணி அலசினேன். இதை அண்ணன்கிட்டப் படிச்சுக் காட்டாத. 2011-ல கோர்ட்டு நம்மூருச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுலருந்து சாயம்னு வாயெடுத்தாலே அதுக்கு மூஞ்சி சுண்டிப்போகும்.

இப்ப எனக்குப் பொழப்பே செக்கிங்தான். பனியன் பீஸைத் திருப்பற மாதிரி பாக்கெட்டைத் திருப்பறேன். வறுத்த கடலை வாங்கினேன். கடலைம்மா, கடலை! பின்னால பாத்தா ஜெலட்டின். மாட்டெலும்பு, பன்னித்தோலுல எடுக்கற பசை, உப்பு ஒட்டறதுக்காம். நம்மூருல உப்பு ஒட்டலைன்னு ஆரு அழுதா?

ஒவ்வாமைக்காரங்களுக்காக இங்க 9 சாமானைப் பேர் சொல்லி எழுதியாகணும். 2004 சட்டத்துல பால், முட்டை, கடலைன்னு எட்டு, 2023-லருந்து எள்ளும். எள்ளுக்கு எடம் குடுத்தவங்க மாட்டுக்குக் குடுக்கல. 'இயற்கைச் சுவை'ன்னு ஒத்தை வார்த்தை போட்டுட்டா உள்ள என்னன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஒரு சிப்ஸ் பாக்கெட்டுல இருந்த நம்பருக்குப் போனே போட்டேன். பாலூட்டி எதாச்சும் சேத்தறீங்களான்னேன். "எல்லாமே இயற்கைதான் சார்"னுச்சு அந்தப் பொண்ணு. "மாடும் இயற்கைதானுங்களே?"ன்னேன். கால் மணி நேரம் பாட்டுப் போட்டு வெச்சுட்டுத் திரும்பி வந்து, "திமிங்கலம் இல்லைன்னு உறுதியாச் சொல்லலாம்"னுச்சு.

நம்மாளுக கடையிலயும் இதே வம்பு. பச்சைப் புள்ளி வெச்ச மைசூர்பாகு எனக்கு வெசம். அசைவம்னு பழுப்பு முக்கோணம் போட்ட முட்டை கேக்கு, நெய், பால் இல்லைன்னா, திங்கலாம். கெடாவெட்டுக்கு வந்தா நான் மட்டும் முட்டையை உரிச்சுட்டு உக்காந்திருக்கணும். காதர்பேட்டையில கழிச்சு விக்கற செகண்ட்ஸ் பனியன் ஆயிட்டேன் போ.

பார்சலுக்குக் கடலெண்ணெய் முறுக்கு, கடலை மிட்டாய், எள்ளுருண்டை போதும். "வாசத்துக்கு ஒரு சொட்டு"ன்னு நீ நெய் விடுவே, எனக்குத் தெரியும். விடாத. அண்ணன்கிட்ட வாஷ்கேர் லேபிள் ரோல் மிச்சம் கெடக்கும். அது பின்னால என்னென்ன போட்டேன்னு உன் கையால எழுதி டப்பா மேல ஒட்டி அனுப்பு. வாட்ஸப் வந்ததுலருந்து உன் எழுத்தையே பாக்கல.

உன்
சின்னவன்