பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

புதுச்சேரியில் முகவரி இல்லாத பழம்பொருள் எதுவும் நெடுநாள் அப்படியே இருப்பதில்லை. தூசு தட்டியதும் ‘பிரெஞ்சுக்காரன் காலத்து’ப் பொருளாகிவிடும்.

சேலியமேட்டுப் பரண் ஒன்றிலிருந்து, வயிற்றில் சல்லடைத் தட்டு பதித்த கிடார் ஒன்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் இல்லை, எண் இல்லை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதன் வயது, கேட்பவரின் சட்டையைப் பொறுத்தது. உள்ளூர்க்காரருக்கு, “தாத்தா வாசிச்சதுண்ணே.” வெளிநாட்டவருக்கு, 1927.

அந்த ஆண்டென்னவோ நிஜம். ஜான் டோப்பியேரா வடிவமைத்த ‘நேஷனல்’ கிடார் கலிபோர்னியாவில் பிறந்த ஆண்டு அது. ஒலிபெருக்கி கைகொடுக்காத காலம். சத்தத்தைக் கூட்ட உள்ளே மூன்று அலுமினியக் கூம்புகள். பிறகு டோப்பியேரா நேஷனல் நிறுவனத்திலிருந்து விலகி, சகோதரர்களோடு ‘டோப்ரோ’ தொடங்கினார்.

ஆனால் பரணிலிருந்து இறங்கிய கிடாரும் அந்த ஆண்டினதுதானா? கதையை விட்டு ஸ்குரூ டிரைவரை எடுப்பது உத்தமம். கூம்பு மேல்நோக்கிப் புடைத்து மரவில்லையைச் சுமந்தால் நேஷனல் வழி. கிண்ணம்போல் குழிந்து, மேலே சிலந்திக்கால் சட்டம் இருந்தால் டோப்ரோ வழி. காந்தம் நன்றாக ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பித்தளையோ ஜெர்மன் சில்வரோ. ஸ்டார் ஸ்குரூ தென்பட்டால், பின்னாளில் யாரும் மாற்றியிராத பட்சத்தில், 1927 அங்கேயே கழன்றுவிடும். அந்த ஸ்குரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

இவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டாதவர் பேரீச்சம்பழக்காரர் மட்டுமே. தந்தியைக் கழித்து, தராசில் வைத்து, கிலோவுக்கு விலை சொல்வார். ஆண்டு கேட்கமாட்டார்.