பாவமும் பருத்தியும்

பாபநாசத்தில் பாவம் தொலைக்க ஒரு சுலப வழி உண்டு: தாமிரபரணியில் முங்கி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு வருவது. பாவம் போய்விடுகிறது, துணி போவதில்லை. பாறையிடுக்கில் சிக்கிக் கிடந்து, அடுத்து முங்க வருபவரின் காலைச் சுற்றுகிறது. வாரி எடுத்தால் டன் கணக்கில் வருகிறது. இந்த ஆற்றை நம்பித்தான் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை வைத்தார்கள். இன்று ஆறு நேரடியாகத் துணியே தருகிறது, அதுவும் கூலி இல்லாமல்.

நகரத்திலோ பழந்துணியில் மனம்போனபடி வண்ணம் தீட்டி ஆனந்தப்படக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். தப்பில்லை. 1952இல் அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தேலர் பூச்சில்லாத பருத்தித் துணியைத் தரையில் விரித்து, நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றி ஊறவிட்டார். ‘மலைகளும் கடலும்’ என்று பெயரும் வைத்தார். உலகம் மெச்சியது. நம்மிடம் பொதிகை மலையே இருக்கிறது. பலமுறை வெளுத்துக் கஞ்சி போன வேட்டி வண்ணத்தை மடமடவென்று குடிக்கும். பாலியஸ்டர் சேலைதான் முரண்டு பிடிக்கும், அதற்கு அக்ரிலிக்.

ஆகவே பரிகாரம் சொல்லும் சோதிடர்களுக்கு ஒரு விண்ணப்பம்: துணியை ஆற்றில் விடச் சொல்லாமல், வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் குற்றமில்லை, அதற்கு ‘வெளிப்பாட்டியம்’ என்று கௌரவமான பெயர் உண்டு. சனி விலகுகிறாரோ இல்லையோ, மீன்களுக்குப் பிடித்த ஏழரை விலகும்.